இதர

சேலைக் கடை பில்லிங் கவுண்டரில்
ஒரு அம்மாவுக்கு ஏழு ரூபாய் சில்லறை
தேடிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது.
ஃப்ரிட்ஜின் கடைசித் தவணை கழிந்துவிட்டதாம்.
நன்றி, மீண்டும் வருக என்கிற தொனியில் ஒரு செய்தி.
சில்லறைக்குப் பதில் அந்த அம்மாவுக்கு
ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது,
நீட்டிய கையை அவர் மடக்கவே இல்லை.

சென்றாயனைக் கூப்பிட்டேன்.
உருக்காலைக் கேண்டீன் இரைச்சலுக்குள்ளிருந்து
"அப்ப இனிமே முழுசா நம்முதா?" என்றான்.
முழுசா.
"கம்ப்ரெசருமா?"
இத்தனை நாளும் கதவும் ஐஸ் தட்டும் மட்டும்தான்
எங்களுடையது என்று நினைத்திருந்தான்.

ராத்திரி கணக்கு நோட்டை விரித்தேன்.
வாடகை, பால், கேஸ், அவன் அம்மாவுக்கு மாத்திரை.
கடைசிக் கட்டத்தில் 'இதர'.
எதை என்னவென்று எழுதத் தெரியவில்லையோ
அதெல்லாம் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும்.

சித்திரையில் நூற்றெழுபது:
லீ பஜாரில் ஒரே ஒரு மல்கோவா.
ஆளுக்கொரு கன்னம்.
கொட்டைக்குச் சீட்டுப் போட்டோம், எனக்கு விழுந்தது.
என் முழங்கை வரை வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டு
துண்டை ரொம்ப நேரம் மோந்துகொண்டிருந்தான்.

ஐம்பத்தெட்டு நாள் வந்த சிலிண்டருக்கு
மரியாதையாக நாலு பரோட்டா.
ஓனர் வாடகை ஏற்றாத மாதத்துக்கு ரோஸ் மில்க்.
ஏற்றிய மாதத்துக்கும் ரோஸ் மில்க்.

எழுபத்தெட்டு ரூபாய் சந்தன சோப்பு,
ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஒப்பந்தம்.
புதன்கிழமை பார்த்தால் ஈரமாக இருந்தது,
மேலிருந்த எழுத்து பாதி தேய்ந்து.
நான் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமை ஈரத்தைப் பற்றி
அவனும் கேட்கவில்லை.

ஏற்காடு என்று ஒரு வரி, அறுநூற்றுப் பத்து. பெட்ரோல் தனி.
பதினொன்றாவது வளைவில் வண்டி மூச்சு வாங்க
இறங்கி நின்றோம்.
முறுக்குப் பொட்டலத்தை ஒரு குரங்கு
பாக்கி வசூலிக்க வந்த ஆள் மாதிரி
கேட்காமலே எடுத்துக்கொண்டு நடந்தது.
(இருபது ரூபாய். அதையும் எழுதியிருக்கிறேன்.)
ஏரியில் படகுக்குக் கூட்டம்.
படகு வேண்டாம், படகில் போகிறவர்களைப் பார்க்கலாமென்று
மிளகாய்த்தூள் தடவிய சோளக்கதிரோடு
கம்பியில் சாய்ந்தோம்.
பனி வந்து எதிர்க்கரையைக் கொண்டுபோயிற்று.
அவன் பல்லிடுக்கில் சோளத் தோல்.
சொல்லவில்லை, நன்றாக இருந்தது.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடை
எந்தக் கட்டத்திலும் இல்லை.
"பாருங்க, பார்க்கறதுக்குக் காசு இல்ல" என்றார் கடைக்காரர்.
முக்கால் மணி நேரம் பார்த்தோம்.

கூட்டினேன்.
பதினான்காயிரத்து முந்நூற்று அறுபது.
கீழிருந்து மேலாக இன்னொரு முறை. அதேதான்.
ஃப்ரிட்ஜின் விலை பதினான்காயிரத்து ஐந்நூறு.
வட்டியில்லாமல் ரொக்கமாகவே வாங்கியிருக்கலாம்,
பனியையும் குரங்கையும் சோப்பையும் சேர்த்து வைத்திருந்தால்.
தலையில் கை வைத்துக்கொண்டேன்.
அவன் நோட்டைத் தன் பக்கம் திருப்பி
விரல் விட்டு எண்ணி
"நூத்தி நாப்பது குறையுதே" என்றான்,
வண்டிச் சாவியைத் தேடியபடி.

பத்து மணிக்கு அஸ்தம்பட்டி தாண்டி ஒரு தள்ளுவண்டி.
தட்டுவடை செட் ரெண்டு,
நடுவில் பீட்ரூட் துருவல், ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை.
முழுசாக வாய்க்குள் தள்ளி மூடினால்
தலைக்குள்ளே ஓட்டு வீடு சரிகிற சத்தம்.
அப்புறம் பொதுவில் ஒரு நொறுக்கல்.
சட்டைப் பையில் சட்னி சிந்திக்கொண்டான், வழக்கம்போல.
நூற்று முப்பது ஆயிற்று.
வண்டிக்காரரிடம் "பத்து ரூபாய்க்கு என்ன இருக்கு?" என்று கேட்டான்.
"பத்து ரூபாதான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவன் முதுகில் கன்னத்தை வைத்து
அந்தப் பத்தை எங்கே எழுதுவதென்று
வீடு வரை யோசித்தேன்.

இருட்டில் ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது.
லைட்டைப் போடாமல் அதன் கதவைத் திறந்தான்.
அரை லிட்டர் பால், கொத்தமல்லிக் கட்டு, பாதி எலுமிச்சை.
மஞ்சள் வெளிச்சத்தில் பையின் சட்னிக் கறையோடு
உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றான்.
கரண்டு பில் ஏறும், மூடு என்றேன்.
மூடவில்லை.
கொஞ்சம் நகர்ந்து
எனக்கும் இடம் விட்டான்.